'இல்லை' என்று சொல்லத் தெரியாத கெர்னல்

உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது. பிரவுசரில் முப்பது டேப்கள், பக்கத்தில் பாதி டைப் செய்த கடிதம். திடீரென மவுஸ் பாயின்டர் நகர மறுக்கிறது. பெரும்பாலும் ராம் நிரம்பி, ஸ்வாப்புக்காக டிஸ்க் ஓடிக் கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்தால் மீண்டு விடும். மீளவே இல்லை என்றால் கெர்னலிலேயே கோளாறு இருக்கலாம்.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. ராமைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. கேட்ட மெமரி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று டிரைவர், ஃபைல் சிஸ்டம் எழுதுபவர்கள் தங்கள் கோடிங்கில் ஒழுங்காக எழுதி வைத்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 4 கேபி பக்கங்கள் எட்டு, அதாவது 32 கேபி வரையிலான சாதாரணக் கோரிக்கைகளை லினக்ஸ் கெர்னல் ஏறக்குறைய மறுப்பதே இல்லை. கிடைக்கும்வரை முயன்று கொண்டே இருக்கும். 2014 டிசம்பரில் இது பெரிய விவாதமானபோது, கெர்னலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிலருக்கே இது புதிய செய்தி!

மறுக்காமல் இருப்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஒரு புரோகிராம் ஃபைல் சிஸ்டத்தின் ஒரு லாக்கைப் பிடித்துக் கொண்டு மெமரி கேட்கிறது என்று வையுங்கள். ராமில் இடமில்லை. உடனே கெர்னலில் உள்ள 'ஓஓஎம் கில்லர்' வேறொரு புரோகிராமை நிறுத்தி, அதன் மெமரியை மீட்கப் பார்க்கிறது. அந்தப் புரோகிராமோ அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது. லாக் கிடைக்காமல் அது முடியாது. அது முடியாமல் மெமரி வராது. மெமரி வராமல் லாக் விடுபடாது. உங்கள் கடிதம் போயே போச்சு.

2016-ல் வந்த 4.6 கெர்னலில் 'ஓஓஎம் ரீப்பர்' சேர்க்கப்பட்டது. நிறுத்தப்படும் புரோகிராம் முடியும்வரை காத்திராமல் அதன் மெமரியைப் பிடுங்கிக் கொள்ளும். நல்ல வேலைதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை இது ஒட்டுப்போட்ட வேலை. கெர்னல் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதைச் சமாளிக்க வேண்டும்.

திடீரென மறுக்க ஆரம்பித்தால், இதுவரை ஓடிப் பார்க்காத எரர் கோடிங் எல்லாம் ஓடும். ஃபைல்களே கெடலாம் என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். ஹேங் ஆவதைவிட அது மோசம். அதனால்தான் முதலில் சோதிக்கச் சொல்கிறேன். மெமரி கிடைக்காததுபோல் நடிக்கும் 'ஃபால்ட் இன்ஜெக்‌ஷன்' வசதி 2007-லேயே 2.6.20 கெர்னலில் வந்து விட்டது. ஒவ்வொரு டிரைவரையும் அதில் ஓட்டிய பிறகே சேர்க்க வேண்டும்.

நான் எழுதிய ஒரு டிரைவரைத் தைரியமாக அதில் ஓட்டினேன். மூன்றாவது முறையே சிஸ்டம் படுத்துவிட்டது. ஏற்கனவே விடுவித்த மெமரியை மறுபடியும் விடுவித்திருந்தேன். அந்த வரிகளை எழுதி ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றுதான் அவை முதன்முதலாக ஓடின.