கற்பிக்கும் கட்டடக் கலைஞர்: தோல்வியா, தேவையா?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கோத்தா திங்கியில் நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், சட்டம் என்றே பேச்சு ஓடுகிறது. கட்டடக் கலை என்றால், "வீட்டுப் பிளான் போடும் வேலைதானே?" என்கிறார்கள். அந்தத் துறையில் இருப்பவர் கல்லூரியிலும் கற்பித்தால், அவருக்குத் தொழில் ஓடவில்லை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

முதலில் பாதையைப் பார்ப்போம். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி பதிவு பெற்றவரே அந்தப் பெயரில் தொழில் நடத்த முடியும். இளங்கலைப் பட்டம் முதல் பகுதி, முதுகலை இரண்டாம் பகுதி. பணி அனுபவம் பெற்றபின் எழுதும் தேர்வு மூன்றாம் பகுதி. படிப்புக்கு மட்டுமே ஏறக்குறைய 5 ஆண்டுகள் போய்விடும்.

இந்தப் படிப்பின் உயிர் ஸ்டூடியோ வகுப்பு. மாணவர் தம் வரைபடத்தை விளக்குவார். ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்பார். மழைநீர் எங்கே போகும், செலவை யார் தாங்குவார் என்ற கேள்விகள், கட்டுமானத் தளத்திலிருந்து நேரே வகுப்புக்கு வருபவரிடம்தான் கூர்மையாக இருக்கும்.

இந்தியாவின் பாலகிருஷ்ண தோஷி இதற்குச் சிறந்த சான்று. பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றித் திரும்பிய அவர், சொந்த அலுவலகம் நடத்திக்கொண்டே 1962இல் அகமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய ஆய்வு நிறுவனம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, இந்தூர் குடிசைவாசிகள் தம் வீடுகளை எப்படிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தது. அதே நகரில் அவர் வடிவமைத்த அரண்யா குடியிருப்பில், வசதி குறைந்த குடும்பங்களுக்கு அடித்தளமும் கழிவறையும் குழாய் இணைப்பும் தரப்பட்டன. கையில் பணம் சேரச் சேர மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். 2018இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் அவர்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளம் கோத்தா திங்கியை மூழ்கடித்தது. ஆற்றோர ஊரில் தரைத்தளத்தை எவ்வளவு உயர்த்துவது, தூண்கள்மீது நிற்கும் கம்பத்து வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் அலுவலகமும் வகுப்பறையும் சேர்ந்து விடை தேட வேண்டிய கேள்விகள்.

இரண்டையும் சுமப்பது எளிதல்ல. தளத்தில் அவசர வேலை வந்தால் வகுப்பு பாதிக்கும். ஆனாலும் இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கைகள் பல்கலைக்கழகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படிப்புக்குக் கட்டடக் கலைஞர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? ஸ்டூடியோவில் கற்பிப்பவர்களில் எத்தனை பேர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்?