சீட்டும் சொல்லும்

விடுமுறை நாட்களில் நம் இல்லங்கள் பலவற்றில் சீட்டுக்கட்டு வெளிவருவதுண்டு. பிள்ளைகள் மகிழ்வர், பெற்றோரிற் சிலரோ, "சீட்டாடுவது பாவமன்றோ?" எனக் கவலையுறுவர். விடை கூறுமுன், இன்று உலகெங்கும் பெயர்பெற்று விளங்கும் 'பிரிட்ஜ்' ஆட்டம் வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

சீட்டுகள் ஐரோப்பாவில் பரவியது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1377-இல் ரைன்ஃபெல்டன் ஜான் என்னும் சாமிநாதர் சபைத் துறவி அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அரசன் முதல் குடிமக்கள் வரை அனைவரும் தத்தம் கடமையை உணர, சீட்டுகளையே பாடமாக்கினார் அவர். ஆனால் 1423-இல் சியன்னா நகர்ப் புனித பெர்னார்தீன், பொலோஞ்ஞா நகரில் சூதாட்டத்தைக் கண்டித்து முழங்கினார். மக்கள் தம் சீட்டுகளைத் தீயிலிட்டனர். "என் பிழைப்புப் போயிற்றே" என்று அழுத சீட்டு ஓவியனிடம், இயேசுவின் திருநாமத்தைக் குறிக்கும் சின்னத்தைத் தீட்டி விற்குமாறு புனிதர் கூறினார் என்பது மரபு.

அதே நூற்றாண்டில், ஏனைய சீட்டுகளை வெல்லும் 'வெற்றிச் சீட்டுகள்' இத்தாலியில் தோன்றின. நாம் 'துருப்பு' என வழங்குவதும் ஐரோப்பியர் வழியே நம்மை வந்தடைந்த சொல்லே.

துருப்பைக் கொண்டு இங்கிலாந்தில் வளர்ந்த ஆட்டம் 'விஸ்ட்'. நால்வர், எதிரெதிரே அமர்ந்த இருவர் இருவராய்க் கூட்டுச் சேர்வர். ஆளுக்கு 13 சீட்டுகள். சுற்றுக்கு ஒரு சீட்டாக நால்வரும் இறக்க, உயர்ந்த சீட்டு அச்சுற்றை வெல்லும். இதனைப் 'பிடி' என்போம். 1742-இல் எட்மண்ட் ஹாயில் இவ்வாட்டத்திற்கு இலக்கணம் வகுத்தார். அதில் துருப்பைத் தீர்மானித்தது, இறுதியாகப் புரட்டிய சீட்டே, அஃதாவது, அதிர்ஷ்டமே.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பிரிட்ஜ் ஆட்டத்தில், துருப்பைத் தெரிவு செய்யும் உரிமை ஆடுவோர் கைக்கு வந்தது. கூட்டாளி தம் சீட்டுகள் அனைத்தையும் மேசைமீது திறந்து வைத்துவிட்டு மௌனமாக அமர்வார். பின்னர், துருப்பை ஏலமுறையில் கேட்டுப் பெறும் வழக்கம் வந்தது. 1925-இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற 'ஃபின்லாந்து' என்னும் கப்பலில், ஹரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் புதிய விதியொன்றைச் சோதித்துப் பார்த்தார். எத்தனை பிடிகள் எடுப்பதாக முன்னரே சொல்கிறோமோ, அவை மட்டுமே வெற்றிக் கணக்கில் முழுமையாகச் சேரும். அதிகம் எடுத்தால் சிறு பரிசு, குறைந்தால் தண்டம். 'ஒப்பந்த பிரிட்ஜ்' என அது பெயர்பெற்றது. அதிர்ஷ்டத்தின் இடத்தில் கொடுத்த வாக்கு அமர்ந்தது!

வாக்கும் நம்பிக்கையும் தவறினால் என்ன நேரும்? 1929-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் தம்பதியர் இருவர் கூட்டாளிகளாக ஆடினர். கணவர் ஆட்டத்தில் தோற்றார். மனைவி ஏளனம் செய்தார். கணவர் அவரை அறைந்தார். சற்று நேரத்தில் மனைவியின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது, கணவர் மாண்டார். 1931-இல் நீதிமன்றம் அப்பெண்ணை விடுவித்தது. ஆனால் இழந்த குடும்பத்தை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? அங்கே கொன்றது சீட்டன்று. ஒருவர் தவற்றை மற்றவர் பொறுக்க இயலாத உள்ளமே.

இப்போது விடைக்கு வருவோம். வாய்ப்பு விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு மாறானவை அல்ல. ஒருவரின் மற்றும் பிறரின் வாழ்க்கைத் தேவைக்கானதை அவை பறிக்கும்போதே ஏற்கத் தகாதவை ஆகின்றன என்று, 1992-இல் வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவுறுத்துகிறது. புனித பெர்னார்தீன் எரிக்கச் செய்தது சூதாட்டத்தை. ஜான் துறவி கண்டது அதே சீட்டிலுள்ள பாடத்தை. இருவரும் நமக்குத் தேவை.

ஆகவே பெற்றோரே, பணம் வைத்து ஆடுவதை இல்லத்தில் ஒருபோதும் அனுமதியாதீர். மற்றபடி, பிள்ளைகளோடு நீங்களும் அமர்ந்து ஆடுங்கள். தவறான சீட்டை இறக்கிய தம்பியை அண்ணன் கடிந்துகொள்கிறானா, புன்னகைத்துத் தேற்றுகிறானா என்று கவனியுங்கள். கணவரும் மனைவியும் தத்தம் சீட்டுகளை ஒருவர்முன் ஒருவர் ஒளிவின்றித் திறந்து வைக்கும் இல்லமே நிலைக்கும். செபமாலை நேரம் வந்ததும், வெல்லும் தறுவாயில் இருப்பவரே முதலில் கட்டை மூடி வைக்கட்டும். அதுவே அன்றைய சிறந்த ஆட்டம்.