போனவரும் வந்தவரும்

குடும்ப ஏட்டில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று தாய்மார்கள் சிலர் வினவக்கூடும். வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளின் மனத்தில் பாதியைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றி ஆண்டுக்கொரு முறையேனும் பேசாதிருப்பது முறையன்று எனக் கருதியே இத்திங்கள் இதனை எடுத்துக்கொண்டோம். நம் ஆயக்குடியில் விடியற்காலையில் கொய்யாக் கூடைகளைச் சந்தைக்குச் சுமந்து செல்லும் அதே இளைஞர்கள்தாம் மாலையில் பந்தும் கையுமாகத் திரிகிறார்கள். இரவில் கோவில் திண்ணையில் அமர்ந்து அவர்கள் பேசுவதும் பந்தாட்டமே. அப்பேச்சில் இன்றும் ஓயாது அடிபடும் பெயர் ஒன்று உண்டு: வால்ஸ்கிஸ்.

அறியாதோர்க்குச் சொல்கிறோம். லித்துவேனியா நாட்டவரான நெரியுஸ் வால்ஸ்கிஸ் 2019ஆம் ஆண்டு சென்னையின் எஃப்.சி. அணிக்கு முன்கள வீரராக வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 15. கேரளத்து அணியின் ஓக்பெச்சேயும் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியைச் சேர்ந்த ராய் கிருஷ்ணாவும் அதே எண்ணிக்கையை எட்டியிருந்தும், தங்கக் காலணி விருது இவருக்கே கிடைத்தது. பட்டியலின் அடியில் கிடந்த அணி, ஓவன் கோயில் என்னும் ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் 2019 டிசம்பரில் பொறுப்பேற்றபின் நிமிர்ந்து எழுந்தது. அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையில் 4-1 என வென்று, கோவாவில் 2-4 எனத் தோற்று, மொத்தத்தில் 6-5 என்று கரையேறியது. 2020 மார்ச் 14ஆம் நாள் கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. 3-1 என வென்றது. கொள்ளைநோயின் அச்சத்தால் பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அவ்வெறுமையிலும் சென்னைக்கான ஒரே கோலை அடித்தவர் வால்ஸ்கிஸ்.

சில மாதங்களில் அவர் போய்விட்டார். ஜாம்ஷெட்பூர் அணி கோயிலை அழைத்துக்கொண்டது; கோயிலின் பின்னே வால்ஸ்கிஸும் சென்றார். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நம் பிள்ளைகளுக்கு அது ஒரு சாவுச் செய்தி போலவே இருந்தது. "துரோகம் பண்ணிட்டான் சாமி" என்று நம்மிடம் வந்து முறையிட்டவர்களும் உண்டு. அச்சொல்லை நாம் ஏற்கவில்லை. ஓர் ஆண்டு ஒப்பந்தத்தை நேர்மையாக நிறைவேற்றியவன், அது முடிந்தபின் தன்னை அறிந்த பயிற்சியாளரிடம் செல்வதில் என்ன துரோகம் இருக்கிறது? பந்தாட்டக்காரன் முப்பத்தைந்து வயதுக்குள் தன் வாழ்நாள் முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டியவன். திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் நம் ஊர்ப் பையனை எவரும் துரோகி என்று அழைப்பதில்லை.

போனவரை மன்னிப்பது எளிது. வந்தவரை ஏற்பதுதான் கடினம். அவருடைய இடத்தை நிரப்ப இருவர் வந்தனர்: ஸ்லோவாக்கிய நாட்டு யாகூப் சில்வெஸ்டர், கினி-பிசாவு நாட்டு எஸ்மாயல் கொன்சால்வெஸ். பின்னவரை இஸ்மா என்றே அனைவரும் அழைத்தனர். பயிற்சியாளராக அங்கேரி நாட்டுச் சாபா லாஸ்லோ வந்தார். 2020 நவம்பர் 24ஆம் நாள், புதிய பருவத்தின் முதல் ஆட்டமே ஜாம்ஷெட்பூருக்கு எதிராக அமைந்தது விதியின் விளையாட்டு எனலாம். முதல் நிமிடத்திலேயே அனிருத் தாபா ஒரு கோல். இஸ்மா பெனால்டியில் ஒரு கோல். எதிரணிக்காக ஒரு கோல், அதை அடித்தவர் வேறு யார், வால்ஸ்கிஸ்தான். சென்னை 2-1 என வென்றது. ஆயினும் மறுநாள் நம் பிள்ளைகள் பேசியது வெற்றியைப் பற்றி அன்று. "பாத்தீங்களா சாமி, அவன் இருந்திருந்தா..." என்பதே பேச்சு.

அப்பருவம் நன்றாக முடியவில்லை என்பது உண்மை. 20 ஆட்டங்களில் வென்றவை 3, சமநிலையில் முடிந்தவை 11, அடித்த கோல்கள் 17 மட்டுமே. அணிக்கு எட்டாம் இடம். முந்திய பருவத்தில் 18 லீக் ஆட்டங்களில் 32 கோல்கள் அடித்த அணி அது. பழி முழுவதும் இஸ்மாவின் மீதும் சில்வெஸ்டரின் மீதும் விழுந்தது. இங்கேதான் நாம் பிள்ளைகளோடு வழக்காடத் தொடங்கினோம்.

முன்கள வீரன் தனியே கோல் அடிப்பதில்லை. வால்ஸ்கிஸின் பின்னால் ரஃபேல் கிரிவெல்லாரோ என்ற பிரேசில் நாட்டு வித்தகர் நின்று பந்தை ஊட்டினார். பக்கத்தில் மால்ட்டா நாட்டு ஆந்த்ரே ஷெம்ப்ரி ஓடியோடிக் காப்பாளர்களை இழுத்துச் சென்று இடம் உண்டாக்கினார். அடுத்த பருவத்தில் ஷெம்ப்ரி அணியில் இல்லை. கிரிவெல்லாரோ பருவத்தின் நடுவிலேயே காயமுற்று விலகினார். பயிற்சியாளரும் மாறிவிட்டார். அடுப்பு, அரிசி, சமையற்காரர் எல்லாம் மாறியபின் சோறு குழைந்ததற்குப் பரிமாறியவனைத் திட்டுவது போன்றது அப்பழி. சான்று வேண்டுவோர் வால்ஸ்கிஸையே பார்க்கலாம். ஜாம்ஷெட்பூரில் அதே பருவத்தில் அவர் அடித்தவை 8 கோல்கள்தாம். மனிதர் அவரே, கால்கள் அவையே; கிரிவெல்லாரோ மட்டும் உடனில்லை.

இன்னொன்றை நம் பிள்ளைகள் மறந்தே போயினர். 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. அந்நாள்களிலும் வால்ஸ்கிஸ் இவ்வணியின் வீரர்தான்! ஐந்தாம் ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் அவர் அடித்த கோலில்தான் முதல் வெற்றி கிட்டியது. ஞாபகம் என்பது விந்தையான தராசு. போனவரின் தட்டில் இறுதியாட்டத்தை வைக்கிறது, வந்தவரின் தட்டில் முதல் ஆட்டத்தை வைக்கிறது. (பங்குத் தந்தையர் மாற்றலின்போது "பழைய சாமி இருந்தப்போ..." எனத் தொடங்கும் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இத்தராசு புதிதன்று.)

பெரிய நாடுகளிலும் இதுவே கதை. 2018இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ ரியல் மாட்ரிட் அணியை விட்டு நீங்கினார். 438 ஆட்டங்களில் 450 கோல்கள் அடித்தவர். அவருடைய 7ஆம் எண் சட்டையை மரியானோ தியாஸ் என்ற இளைஞருக்கு அணிவித்தனர். அச்சட்டையின் சுமையை அவரால் தாங்க இயலவில்லை. ரொனால்டோவின் பக்கத்திலேயே ஒன்பது ஆண்டுகள் நின்று, அவருக்காக ஓடி, அவருக்காகப் பந்தைத் தந்து, ரசிகர்களின் சீழ்க்கையையும் பெற்றுக்கொண்டிருந்த கரீம் பென்சிமாதான் அவ்விடத்தை நிரப்பினார். 2022இல் தங்கப் பந்து விருதும் பெற்றார். புதியவரை எல்லாரும் வாயிலில் தேடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

நம் நாட்டின் நிலை இன்னும் கவலைக்குரியது. 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்த சுனில் சேத்ரி 2024 ஜூன் 6ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அவ்விடத்திற்கு ஆள் அகப்படவில்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே திரும்ப அழைத்தனர். அவரும் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடித்துக் காட்டினார். மகிழ்ச்சிதான், ஆனால் பேரன் செய்ய வேண்டிய உழவைத் தாத்தா செய்யக் கண்ட மகிழ்ச்சி. 2014 முதல் 2024-25 வரை இந்தியன் சூப்பர் லீக்கின் தங்கக் காலணியை ஒரு பருவத்திலேனும் இந்தியர் ஒருவர் பெற்றதில்லை. முன்களத்தைக் கழகங்கள் வெளிநாட்டவருக்கே கொடுத்துவிடுகின்றன. நம் பையன் தவறுவான் என்ற அச்சம் அவர்களுக்கு. தவற விடாமல் எவன் கற்றான்?

இவ்வளவையும் நாம் எழுதக் காரணம் ஒன்றுண்டு. நம் ஊர் இளைஞர் அணியின் முன்கள வீரன் ஆனி மாதத்தில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நல்ல ஆட்டக்காரன், இடது காலிலும் வலது காலிலும் ஒன்றுபோல் அடிப்பான். அவனுடைய இடத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை நிறுத்தினார்கள். பக்கத்து ஊர் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் இவன் இரண்டு முறை கோலுக்கு முன் தவறவிட்டான். உடனே வேப்பமரத்தடியில் நின்ற நம் ஊரார் போனவனின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டனர். எதிரணி ஊரார் அல்லர். நம்மவர்கள், அதிலும் இவனுடைய சித்தப்பா ஒருவர். அதன்பின் இரு வாரங்களாக அவன் பயிற்சிக்கு வரவில்லை. பூட்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

அவனை அழைத்து வால்ஸ்கிஸின் முதல் நான்கு ஆட்டங்களைப் பற்றிச் சொன்னோம். நம்பாமல் நம்மைப் பார்த்தான். பிறகு சிமா கதையைச் சொன்னோம். நைஜீரியரான டேனியல் சிமா சுக்வு 2021இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்து, கோலுக்கு வழி காணாமல் தவித்து, ஏச்சு வாங்கினார். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூரை விட்டு மீண்டும் சென்னைக்கு வந்தபோது, ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது இந்தச் சிமாவைத்தான். அங்கே அவர் கோல்களாக அடித்துத் தள்ளினார். அப்பருவத்தில் லீக் பட்டியலின் முதலிடமும் கேடயமும் ஜாம்ஷெட்பூருக்கே. நம் பிள்ளைகள் ஏங்கிக் காத்திருந்து பெற்ற பழைய நாயகரோடு சென்னை அணி மறுபடியும் எட்டாம் இடத்தில் நின்றது. "நெசமாவா சாமி?" என்று கேட்டான் பையன். தம்பியிடமிருந்து பூட்ஸைத் திரும்ப வாங்கியிருக்கிறான் என்று நேற்று அறிந்தோம்.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் மைதானத்திலேயே ஆட்டம். அணித்தலைவன் அவனையே முன்னால் நிறுத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய சித்தப்பாவிடமும் பேசிவிட்டோம். வருவதாகவும், வாய் திறப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.