தடை கருவிக்கா, பயன்பாட்டுக்கா?

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் கோல்ப் கிளப். 1895ல் தொடங்கப்பட்டது. மேடும் பள்ளமுமான மைதானம். பந்தை அடிக்கும் முன் கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்குக் கையடக்கமான லேசர் கருவிகள் இருக்கின்றன.

இவை செயல்படும் விதம் எளிது. லேசர் ஒளி கொடியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. கொடி 150 மீட்டரில் இருந்தால், ஒளி போய் வர ஆகும் நேரம் ஒரு விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான். ஜி.பி.எஸ். உள்ள செல்போனும், மைதானத்தின் வரைபடம் இருந்தால் தூரத்தைச் சொல்லிவிடும்.

போட்டியில் இவற்றைப் பயன்படுத்தலாமா? முன்பு கூடாது. போட்டி நடத்துபவர் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று 2006ல் விதி வந்தது. 2019ல் இது தலைகீழாக மாறியது. நடத்துபவர் தடை விதிக்காவிட்டால் தூரத்தை அளக்கலாம். ஆனால் கருவியைக் கொண்டு சரிவை அளப்பதும், காற்றை அளப்பதும், எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனை கேட்பதும் கூடாது. மீறினால் 2 ஸ்ட்ரோக் தண்டனை. அதே சுற்றில் மீண்டும் மீறினால் போட்டியிலிருந்தே நீக்கம்.

சரிவைக் கணக்கிடும் வசதி கருவியில் இருப்பது குற்றமல்ல, அதைப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்பதைக் கவனியுங்கள். பல கருவிகளில் அந்த வசதியை ஆப் செய்ய சுவிட்ச் உண்டு.

"மலை மைதானத்தில் சரிவுதானே முக்கியம்? தூரத்தை மட்டும் தெரிந்துகொண்டு என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் விதி சரியே என்பது என் கருத்து. தூரம் வெறும் தகவல். அதைக் காட்டும் குறிகள் பல மைதானங்களிலேயே உண்டு. இறக்கத்தில் எவ்வளவு குறைத்து அடிப்பது என்பது ஆட்டக்காரரின் திறமை. காற்றை அறியப் புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்ப்பதை விதி தடுக்கவில்லை. முடிவையும் கருவியே சொல்லிவிட்டால் பரிசை யாருக்குக் கொடுப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம். பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று கம்ப்யூட்டர் அறையையே பூட்டி வைக்கும் பெற்றோர் உண்டு. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் நான். ஆனாலும் இதற்குப் பூட்டு வேண்டாம் என்பேன். பிள்ளைகள் அகராதி பார்க்கட்டும், தகவல் தேடட்டும். கட்டுரையை அவர்களே எழுதட்டும். கணக்கைத் தாளில் போட்டு முடித்த பிறகு விடையைச் சரிபார்க்கட்டும். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.