லடாக்குக்கு முன் ஸ்ரீரங்கம்



மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், ஏன் அப்படி வாழ்கிறார்கள் என்று ஆராயும் துறைக்கு மானிடவியல் என்று பெயர். இத்துறைக்கு மக்கள் வாழும் ஊர்தான் ஆய்வுக்கூடம். சென்ற கோடையில் திருச்சியிலிருந்து கல்லூரி மாணவர் குழு ஒன்று இதற்காகவே லடாக்குக்குப் போய் வந்தது. லே நகருக்கு அருகே, மலைகளுக்கு நடுவே, புத்த சமயத்தவர் வாழும் ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கி, அறிக்கையும் எழுதியது. நான் பௌதிகம் கற்பிப்பவன். ஆனாலும் அறிக்கையை என்னிடம் காட்டினார்கள், படித்தேன்.

அதில் ஒரு வரி: "எங்களைத் தங்க வைத்த வீட்டாருக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை, அரிசி நறுக்கரிசியாகவே இருந்தது."

இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். லே நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர். அதைப்போல் 48 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இங்கே 100 டிகிரியில் கொதிக்கும் நீர் அங்கே சுமார் 88 டிகிரியிலேயே தளதளக்கிறது. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் திறந்த பானையில் அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும். அந்த வீட்டுப் பாட்டியின் கைப்பக்குவத்தில் குறை காண என்ன இருக்கிறது?

லடாக் மக்கள் காலங்காலமாக உண்பது பார்லியை வறுத்து அரைத்த மாவு. நம் வீட்டுச் சத்துமாவு போன்றதுதான். ஏற்கெனவே வறுபட்டதால், உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரில் பிசைந்து அப்படியே உண்ணலாம். இதற்குக் கொதிநிலை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அங்குள்ள குறுகிய கோடையில் நன்றாக விளையும் தானியம் பார்லி. விறகும் கிடைப்பது அரிது. ஆனால் பானையில் ஒரு வெப்பமானியை இட்டுப் பார்த்திருந்தால், "தெரியவில்லை" என்ற சொல் அறிக்கையில் விழுந்திருக்காது.

இப்படிப்பட்ட பயணங்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. போகத்தான் வேண்டும். பத்து நாளில் போய் வந்து ஒரு சமூகத்துக்குத் தீர்ப்பு எழுதுவதைத்தான் நான் ஒப்பவில்லை. அதிலும் முதல் இரண்டு நாள், மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகும்வரை ஓய்விலேயே போய்விடும்! பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் குரூக், ஹென்றி ஆஸ்மாஸ்டன் ஆகியோரின் குழு லடாக்கின் ஜான்ஸ்கார் பள்ளத்தாக்குக் கிராமங்களை ஆராய்ந்தது. 1974-ல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அங்கு போன இவர்கள், தங்கள் முடிவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது 1994-ல்தான். நிலத்தையும் நீரையும் ஆராய்ந்த அதே நூலில் சமய வாழ்க்கையும் ஆராயப்பட்டது.

ஏன் இத்தனை பொறுமை? நம்மையே பிறர் ஆராய்வதாக எண்ணிப் பாருங்கள். மார்கழி விடியலில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் வருகிறார். வாசலில் அரிசிமாக் கோலமிடும் அம்மாளிடம் "ஏன்?" என்கிறார். "எறும்புக்குத் தீனி" என்று பதில் வருகிறது. குறித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிறார். அடுத்த வீட்டில் கேட்டிருந்தால், "லட்சுமி வருவாள்" என்றிருப்பார்கள். அதற்கடுத்த வீட்டில், "மாமியார் போட்டாங்க, நானும் போடறேன்." எதை விடையாக எழுதுவது? ஆய்வுக்கூடத்தில் ஊசலின் ஓர் அலைவை மட்டும் ஒருமுறை அளந்துவிட்டு வீட்டுக்குப் போக உங்களை நாங்கள் விடுவோமா? லடாக் போகுமுன் உங்கள் தெருவிலேயே ஒரு வாரம் கேட்டுப் பழகுங்கள்.

அந்த மாணவர்கள் அறிக்கையில் எழுதாமல் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. லேயில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனி உருகி வரும் நீரே வயல்களுக்குப் பாய்கிறது. எந்த வயலுக்கு எப்போது என்று பங்கிட ஊரார் ஒருவரை நியமிக்கிறார்கள்; அவருக்குச் சுர்பொன் என்று பெயர். மாணவர்களின் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன அவர், "உங்கள் ஊரில் ஆற்றுநீரைப் பங்கிடுவது யார்?" என்று திருப்பிக் கேட்டாராம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் இருவர் குழுவில் இருந்தார்கள். இருவருக்கும் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அறிக்கையின் முதல் பக்கமே இதுவாக இருந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவ்விருவரும் முக்கொம்புக்குப் போனார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அங்கே, ஆர்தர் காட்டன் 1830-களில் மேலணையைக் கட்டினார். மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். இவர்கள் நோட்டைத் திறப்பதற்குள் அவர் கேட்டாராம்: "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க? இதையெல்லாம் தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அடுத்த ஞாயிறும் போகிறார்கள்.