பொறி பாயும் சந்து

“வண்டி மிஸ் அடிக்குது” என்று பட்டறை வாசலில் ஒரு பெண் சொன்னால், பதில் அவள் பக்கத்தில் நிற்கும் ஆணுக்குப் போகிறது. அவன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனாக இருந்தாலும் சரி. மேலூர்ப் பட்டறைகளில் மட்டும் நடக்கிற கூத்தில்லை இது. வண்டி அவள் பெயரில், தவணை அவள் சம்பளத்தில். பானெட் மட்டும் ஆண்களுக்குப் பட்டா.

அதற்குள் அப்படி என்ன ரகசியம்? ஸ்பார்க் பிளக்கையே எடுத்துக்கொள்வோம். நடு முனைக்கும், அதன்மேல் வளைந்து நிற்கும் ஓர முனைக்கும் இடையே ஒரு சந்து. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் அச்சாகியிருக்கிறது. குறைந்தால் பொறி நலிந்துவிடும். ஓட ஓட முனை தேய்ந்து சந்து அகன்றாலோ பொறி தாண்டாமல் தவறும், ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோல் வீண்.

இஞ்சின் ஆறட்டும். ஒயரை இழுக்காமல் அதன் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். குழியின் தூசியை ஊதிவிட்டு (கல்குவாரிப் பக்கம் ஓடும் வண்டியென்றால் இரண்டு முறை) பிளக் ஸ்பேனரால் திருகி எடுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பெரிய செலவு வருகிறது. ஃபில்லர் கேஜின் உரிய தகடு லேசான உரசலோடு நுழைய வேண்டும். இல்லையென்றால் ஓர முனையை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிந்துவிடும். இரிடியம் பிளக்கில் இந்த வேலையே வேண்டாம், தேய்ந்தால் மாற்றுங்கள். திரும்பப் போடும்போது முதலில் விரலால்தான் திருக வேண்டும். மரை கோணினால் ஹெட்டுக்குக் கேடு.

இதுதான் பெண்ணுக்குப் புரியாதாம்! விடிகாலை இருட்டில் புள்ளிக்குப் புள்ளி பிசகாமல் கோலம் போடுகிறவளுக்கு இடைவெளி பற்றிப் பாடமா? சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளில் நெருப்போடு பிழைத்தவை பெண்களின் விரல்கள். கூலிக்குத் தீயைத் தொடலாம், சொந்த வண்டியின் பொறியைத் தொடக்கூடாது.

1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனார்; அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். 1909இல் ஆலிஸ் ராம்சே நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 59 நாட்கள் ஓட்டினார். பிளக் துடைத்ததும் டயர் மாற்றியதும் அவர்தான். இங்கே வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானது 1993இல். வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 2018இல் தமிழக அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. நல்ல திட்டம். அந்த ஸ்கூட்டரிலும் ஒரு பிளக் உண்டு.

“நாங்க எதுக்கு இருக்கோம்?” என்ற அன்புதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கொட்டாம்பட்டிக்கு முன்னால் வண்டி நின்றால் அந்த அன்பு போனில் இருக்கும். “ராத்திரியில தனியா எதுக்குப் போன?” என்று முதலில் கேட்கும்.

பட்டறையில் பிளக் மாற்றினேன் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்லூரிகளுக்கும் ஒன்று: நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஏழு நாளில் மாணவிகளைக் கோயில் வளாகம் கூட்டச் சொல்கிறீர்களே, அதில் அரை நாள் கொடுங்கள். ஒரு பழைய கார், நாலு பிளக், ஒரு ஃபில்லர் கேஜ் போதும். ஆண் பேராசிரியர்கள் டீ போட்டுக் கொண்டுவரட்டும்.