விலாங்குக் குஞ்சும் விதியின் பெயரும்

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று மேடைகளில் எத்தனையோ பேரைச் சாடியிருக்கிறோம். இன்று அந்த விலாங்குக்காகவே வாதாட வந்திருக்கிறோம்.

ஜப்பானியக் கழிமுகங்களில், டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, அமாவாசை இருட்டில், கையில் விளக்கும் வலையுமாய்க் குளிர்நீரில் நிற்கிறார்கள் உழைப்பாளிகள். அவர்கள் தேடுவது, கண்ணாடிபோல் உடல் தெரியும் விலாங்குக் குஞ்சு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 குஞ்சுகள்! பண்ணை விலாங்கு என்று விற்பதெல்லாம், ஏறத்தாழ முழுவதுமே, இப்படிக் கடலிலிருந்து வந்த குஞ்சை வளர்த்ததுதான். ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரை வளர்த்துக் காட்டியது 2010-ல். ஆனாலும் பண்ணைக்காரர் இன்னமும் கடலின் வாயைத்தான் பார்த்து நிற்கிறார்.

அந்தக் கடல் தரும் கணக்கைப் பாருங்கள். 2013 பருவத்தில் 5.2 டன். அடுத்த பருவத்தில் 17.3 டன். 2019-ல் வெறும் 3.7 டன்! மறு ஆண்டே 17.1 டன். 2023-ல் மீண்டும் 5.6 டன்.

கடல் கொடுத்தது, கடல் கெடுத்தது. எல்லாம் விதி என்று கையை விரிப்பார்கள் சிலர். விதியா? விதி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார்கள் அறிவியலார். மரியானாத் தீவுகளுக்கு மேற்கே, நடுக்கடலில், 2009-ல் சுகமோட்டோ கட்சுமியின் குழுவினர் விலாங்கின் முட்டையையே கையில் எடுத்தனர். அங்கே பிறக்கும் இலைபோன்ற இளம் உயிர், நீரோட்டத்தில் மேற்கே மிதந்து வருகிறது. பிலிப்பைன்ஸ் அருகே ஓட்டம் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே திரும்பினால் குரோஷியோ ஓட்டம்; ஜப்பான், தைவான், சீனக் கரை. தெற்கே திரும்பினால் மின்டனாவோ ஓட்டம். சொந்த ஆறு காணாத சாவு! எல் நினோ ஆண்டுகளில் உவர்நீர் எல்லை தெற்கே நகர, முட்டையிடும் இடமும் தெற்கே நகர்கிறது. வழிதவறும் குஞ்சு பெருகுகிறது. வலைக்கு வருவது அருகுகிறது. ஏற்ற இறக்கத்தின் ஒரு பெரும் காரணம் இது.

இங்கேதான் வணிகர்கள் வாய் திறக்கிறார்கள். "17 டன் வந்ததே, விலாங்கு பிழைத்துக்கொண்டதே!" ஒரு மாதம் ஓவர்டைம் கிடைத்ததைக் காட்டி, கூலி உயர்ந்துவிட்டது என்று சொல்லும் ஆலை முதலாளியின் கணக்கல்லவா இது? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிடிபட்டது ஆண்டுக்கு 200 டன்னுக்கும் மேல். வளர்ந்த குஞ்சும் கொஞ்சம் அதில் சேர்ந்திருந்தது, ஒப்புக்கொள்கிறோம். கழித்துப் பார்த்தாலும் 200 எங்கே, 17 எங்கே? அலை ஏறும், இறங்கும். இங்கே வற்றியிருப்பது கடலே! ஆற்றுக்குக் குறுக்கே அணை, கரைக்குக் கான்கிரீட். தாயாகி முட்டையிடத் திரும்புமுன் பிடித்துத் தின்னும் பசி. நீரோட்டத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டால் இவர்களெல்லாம் தப்பிவிடுவார்கள்.

பதிவேட்டிலும் ஓட்டை உண்டு. 2018-ல் கிலோ விலை சராசரி 30 இலட்சம் யென்னை நெருங்கியது. அந்த விலையில் கணக்கில் ஏறாத குஞ்சு ஏராளம். 2023 டிசம்பரிலிருந்து திருட்டுப் பிடிப்புக்கு மூன்றாண்டுச் சிறை வரை, மூன்று கோடி யென் அபராதம் வரை சட்டம் வைத்தார்கள். வைக்கட்டும். ஆனால் இருட்டில் வலை வீசியவன் மட்டும் சிக்க, வெளிச்சத்தில் விலை வைத்தவன் தப்புவது நீதியாகுமா?

பண்ணைகளில் விடும் குஞ்சுக்கு 2015 முதல் உச்சவரம்பு இருக்கிறது: ஜப்பானுக்கு 21.7 டன். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவை எட்டவே குஞ்சு இல்லை! தலைக்கு மேலே கட்டிய வேலி யாரைத் தடுக்கும்? வரும் குஞ்சின் அளவு பார்த்து ஆண்டுதோறும் வரம்பைக் குறைக்கட்டும். அணைதோறும் மீன் ஏறும் வழி திறக்கட்டும். வலை குறையும் ஆண்டில் கழிமுகத் தொழிலாளிக்கு மாற்றுக் கூலி கொடுக்கட்டும்.